ஐந்தாவது நிலையம்

போன் திரையில் செல்லியம்மாள் இன்றைக்கும் இரண்டு தட்டு வைத்தாள். ஒன்று தனக்கு. இன்னொன்றை ஆளே இல்லாத பக்கமாகத் தள்ளி, அதிலும் ஒரு கரண்டி சோறு போட்டு, அந்தப் பக்கம் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

தாம்பரத்தில், ஆபீஸ் கேன்டீன் மூலையில் உட்கார்ந்து மாமியாரை வேவு பார்த்துக்கொண்டிருந்த சுபத்ராவுக்குக் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. அவள் டப்பாவில் இருந்ததும் அதே சுண்டைக்காய்க் குழம்புதான். காலையில் அந்த அம்மாள் கட்டிக் கொடுத்தது.

பள்ளிக்கரணை வீட்டு ஹாலில், ஷோகேஸ் பொம்மைகளுக்கு நடுவே கேமராவை ஒளித்து வைத்தவள் சுபத்ரா. பாதுகாப்புக்கு என்று கணவன் ஹரிபிரசாத்திடம் சொன்னாள். உண்மை அதுவல்ல. தான் இல்லாத நேரத்தில் அத்தை பீரோவைக் குடைகிறாளோ என்று ஒரு அற்பச் சந்தேகம்.

பீரோ இருந்த திசைக்கே அந்த அம்மாள் போகவில்லை. அன்றைக்கே கழற்றிப் போட்டிருக்கலாம். ஆனால் ஒளிந்து பார்க்கிற ருசி இருக்கிறதே, அது லேசில் விடாது.

படம் என்னவோ பளிச்சென்று இருந்தது. ரோட்டுப் புழுதியும் குப்பை எரிகிற புகையும் சேர்ந்து, ஜன்னல் கம்பியில் விரல் வைத்தால் கோடு விழுகிற வீடு அது. மாதக்கணக்காகச் சுபத்ரா துடைக்காத கேமராவில் மட்டும் ஒரு தூசு தெரியவில்லை. கொடுத்த காசுக்கு நல்ல பொருள்தான், சத்தம்தான் வராது என்று நினைத்துக்கொண்டாள்.

திரையில் செல்லியம்மாள் காற்றில் பெரிய வட்டம் ஒன்று போட்டாள். வட்டத்துக்குள் ஐந்து புள்ளி வைத்தாள். கண்ணை உருட்டினாள், எட்டிப் பார்த்தாள், தானே சிரித்தாள்.

இதைச் சொன்னபோது ஹரிக்கு முகமே செத்துவிட்டது. "அப்பாவுக்குச் சோறு போடறாங்கபோல, சுபா" என்றான். அவன் அப்பா ஜெயவேலு போய் ஒரு வருஷம் ஆகிறது.

"நேராவே கேட்டுடலாமா?"

"கேட்டா, உனக்கு எப்படித் தெரியும்பாங்க. என்ன சொல்லட்டும்? ஒளிஞ்சிருந்து பார்த்தேன்னா?" என்றாள் சுபத்ரா.

அந்தக் கேள்விக்குப் பயந்துதான் எல்லாம் நடந்தது. காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பேசினார்கள். அம்மாவிடம், "கொஞ்ச நாள் காத்தாட இருந்துட்டு வாங்க" என்று இனிப்புத் தடவிச் சொல்லிவைத்தார்கள்.

கிளம்புவதற்கு முதல் நாள் இரவு. சாப்பிட்டுக்கொண்டே செல்லியம்மாள், மத்தியானம் ஓடுகிற தன் டப்பிங் சீரியலைப் பற்றிப் பேசினாள். ஒரு மர்மத் தீவு. கப்பல் கவிழ்ந்து அங்கே ஒதுங்கிய ஜனங்கள். அவர்களுக்குத் தெரியாமல் பூமிக்கு அடியில் ஐந்து ரகசிய ஆராய்ச்சி நிலையங்கள்.

"அஞ்சாவது நிலையத்துல ஒருத்தி கீறாம்மா. தென்ன மரத்துல எல்லாம் குட்டிக் குட்டியா கண்ணு வெச்சிகினு, யார் இன்னா பண்றாங்கன்னு டிவில பாத்துகினே கீறா."

சுபத்ராவுக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டு, "சரியான திருட்டு ஜென்மம் இல்ல, அத்தை?" என்றாள். திட்டியது யாரை என்று அவளுக்குத்தான் தெரியும்.

"சேச்சே, பாவம்மா அவ. எல்லா ஜனமும் கண்ணுக்கு எதிர்லயே கீது, அவகூடப் பேச ஒரு ஆளு இல்ல. ஒண்டியா குந்திகினு துன்றா."

மறுநாள் காலை ஹரி காரை எடுக்கப் போனான். செல்லியம்மாள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. எந்த ஊர், எத்தனை நாள் என்றுகூடக் கேட்காமல் நாலு புடவையை மடித்துப் பையில் வைத்தாள். கத்தி ரகளை பண்ணியிருந்தால்கூடச் சுபத்ராவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

'பெத்த தாய் மாதிரி டப்பா கட்டிக் கொடுத்தவளை வேவு பார்த்து, பைத்தியம்னு முடிவுகட்டி, பொய் சொல்லி வெளியே அனுப்பறேனே' என்று நெஞ்சு அறுத்தது. காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம்போல இருந்தது. தைரியம்தான் வரவில்லை.

குறைந்தபட்சம் அந்தக் கேமராவையாவது ஒழித்துவிடலாம் என்று ஷோகேஸைத் திறந்தாள். பொம்மைகளை நகர்த்தி, ஒயரைப் பிடுங்கி, முந்தானைக்குள் மறைத்தபடி திரும்பினாள்.

பையோடு எதிரில் நின்றுகொண்டிருந்தாள் செல்லியம்மாள்.

"அத்தை... இது வந்து..." என்று இழுத்தாள் சுபத்ரா.

செல்லியம்மாள் கையை நீட்டிக் கேமராவை வாங்கினாள். தினமும் செய்கிறவளைப்போல, புடவைத் தலைப்பால் அந்தக் குட்டிக் கண்ணைப் பதமாகத் துடைத்தாள். பிறகு அதை மருமகள் கையிலேயே கொடுத்து, பையை விரித்துப் பிடித்தாள்.

"இதையும் உள்ள வெச்சிடு சுபா. அங்க போயும் மதியானம் நாம ரெண்டு பேரும் சேந்துதானே துன்னணும்."