பத்தரை மணி விசில்

சுரேந்தர் மோரைக் குடித்து முடிக்கும்வரைகூட எனக்குப் பொறுமை இல்லை. நிற்க வைத்துத் திட்டுவதற்காகவே அவனை வீட்டுக்கு வரவழைத்திருந்தேன்.

எங்கள் சூலூர் மில்லில் கம்ப்யூட்டர் வைத்த மகராசன் இவன்தான்.

அது விடியற்காலை ஐந்து மணிக்குத் தானாகவே எங்கள் கோயமுத்தூர் வீட்டுக்குப் போன் போட்டு, முந்தின நாள் எவ்வளவு நூல் ஓடியது என்று அனுப்ப வேண்டும். வாங்கிக்கொள்ளப் போன் பக்கத்தில் ஒரு பெட்டி. என் வீட்டுக்காரர் காப்பியும் கையுமாக அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார். ஒன்றும் வராது. பெட்டியை அணைத்துவிட்டு மில்லுக்குப் போய்விடுவார்.

பத்தரைக்குப் போன் அடிக்கும். எடுத்தால் காதுக்குள் கீச்சென்று விசில்.

கேட்டதற்கு இவன் சொன்ன பதில் இருக்கிறதே! திரையில் நம் ஊர் நேரம்தான் ஓடுகிறதாம். குறித்த நேரத்தில் வேலையை ஆரம்பித்துவைக்கிற புரோகிராம் மட்டும் உள்ளே லண்டன் நேரத்தில் கிடக்கிறதாம். அங்கே ஐந்து என்றால் இங்கே பத்தரையாம். சிரிப்பு வேறு. தூ! மில் சூலூரில், மணி பார்ப்பது லண்டனிலா? படித்த லட்சணம்.

ஒரு வாரம் அந்த விசிலைக் கேட்டேன். அதோடு சரி. அப்புறம் என் மகள் நவ்யாதான் ஓடி வந்து எடுப்பாள். "கம்ப்யூட்டர்தாம்மா" என்பாள். உடனே வைத்தால் திரும்பத் திரும்ப அடிக்குமாம், அது ஓயும்வரை காதிலேயே வைத்திருக்க வேண்டுமாம். பொறுமைசாலி.

கல்யாணம் நிச்சயமான பெண் போனைத் தொடக் கூடாது என்பது இந்த வீட்டில் என் சட்டம். கம்ப்யூட்டருக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை முகூர்த்தம். மாப்பிள்ளை ரவிதேஜா வீட்டுத் தோப்பு உடுமலைப்பேட்டையில் கண்ணுக்கு எட்டும்வரை போகும். அந்தச் சம்பந்தி அம்மாள் பத்தரைக்குக் கூப்பிட்டு லைன் கிடைக்காமல் போனால் யாருக்கு அவமானம்?

"ஏந் தம்பி, கல்யாண ஊடுங்க இது. உங்க பெட்டிக்கு இந்தியாவுல மணி என்னன்னு எப்பத்தானுங்க தெரியும்?" என்றேன். எங்கள் பக்கத்தில் செருப்பால் அடித்தாலும் 'ங்க' போட்டுத்தான் அடிப்போம்.

அவன் விழித்தான்.

"இல்லீங்கம்மா, அதைப் போன மாசமே சரி பண்ணிப்போட்டேனுங்களே. ஐயா தெனமும் அஞ்சு மணிக்கே கணக்குப் பாத்துடறாருங்க. உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

அவர் என்றைக்கு என்னிடம் எதைச் சொன்னார்? ஆனாலும் இந்தப் பயல் வாயைத் திறந்தாலே புளுகுதான்.

போன் அடித்தது. சுவர்க் கடிகாரத்தில் பத்தரை.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. "பாருங்க தம்பி, உங்க லண்டன்காரன் கூப்புடறான்" என்றேன். அவன் முகம் செத்துப்போனது.

நவ்யா இல்லை. முகூர்த்த ஜாக்கெட்டைத் தையல்காரரிடம் வாங்கி வருகிறேன் என்று எட்டு மணிக்கே போனவள். நானே எடுத்தேன், அந்த விசிலை அவன் காதிலேயே வைத்துக் கேட்க விடலாம் என்று.

விசில் வரவில்லை.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தூரத்தில் ஒரு குரல். ஈரோடு சந்திப்பு என்றது. பிறகு கிட்டத்தில், "அம்மா, நாந்தான். தேடாதீங்க." அவளுக்குப் பக்கத்தில் யாரோ ஒருவன், "வா அம்மணி, வண்டி வந்துருச்சு."

லைன் போய்விட்டது.

சுரேந்தர் மோர் டம்ளரோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்திலேயே நாற்காலி இருந்தது. இவன் முன்னால் நான் உட்கார மாட்டேன்.

ரிசீவரை வைத்தேன்.

"கம்ப்யூட்டர்தானுங்க" என்றேன்.