மாஸ்ரரின் மீசையும் ஒளியின் வேகமும்

வெள்ளிக்கிழமை காலை குலசிங்கம் மாஸ்ரர் மீசை இல்லாமல் லோஞ்ச் படகில் ஏறினார்.

முதலில் ஒருவருக்கும் ஆள் பிடிபடவில்லை. பிடிபட்ட பிறகு ஒருவராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மாஸ்ரர், மீசை எங்கை?"

"ஐயரிட்டைத் தோத்துப்போனன்," என்று சொல்லிவிட்டு மாஸ்ரர் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

விஷயம் இதுதான். மாஸ்ரர் புங்குடுதீவு இறுப்பிட்டிக்காரர். நயினாதீவுப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். பின்னேரம் லோஞ்சில் வந்து குறிகட்டுவான் துறையில் இறங்குவார். நயினாதீவு வாமதேவ ஐயர், புங்குடுதீவில் திவசம், துடக்குக் கழிப்பு எல்லாம் முடித்துக்கொண்டு அதே லோஞ்சில் ஏறி வீட்டுக்குப் போவார். லோஞ்ச் நிற்கிற அந்த அரை மணித்தியாலம், துறையடித் தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்து இரண்டு பேரும் ஏதாவது ஒன்றைப் பிடித்து வாதாடுவார்கள். பத்து வருசமாக இதே கூத்துத்தான். மாஸ்ரர் ஒருநாளும் தோற்றதில்லை. தோற்றாலும் ஒத்துக்கொள்ளுகிற ஆளும் இல்லை.

இந்தக் கிழமை பிடித்துக்கொண்டது, வெளிச்சத்தை முந்திக்கொண்டு வானத்தில் போகலாமா என்ற வாதம்.

"சந்திரனிலை கால் வைச்சாச்சு. இனி வெளிச்சத்தை முந்திற வாகனமும் வரத்தான் போகுது," என்றார் ஐயர்.

"ஏலாது ஐயா. செக்கனுக்கு லட்சத்து எண்பத்தாறாயிரம் மைல். அதை முந்தி ஒண்டும் ஓடாது. அது இயற்கையின்ர சட்டம்."

"சட்டத்தைப் போட்டது ஆர்? நீரோ?"

"முந்தலாமெண்டால் நான் என்ர மீசையை எடுக்கிறன்!"

ஐயருக்கும் ரோசம் வந்துவிட்டது. "ஏலாதெண்டால் நான் என்ர குடுமியை எடுக்கிறன்!"

கடைக்கார ஆழ்வாப்பிள்ளை சாட்சி. வியாழக்கிழமைக்குள் பதில் சொல்ல ஏலாமல் யார் வாயடைத்துப் போகிறாரோ அவர் தோற்றவர்.

குடுமி இல்லாத ஐயரை எந்தக் கோயிலில் பூசைக்கு விடுவார்கள்? அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. துறையடியில் இருந்தவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

வியாழக்கிழமை பின்னேரம் மாஸ்ரர் கடைசி வெடியைக் கொளுத்தினார்.

"ஐயா, நாங்கள் இப்ப இஞ்சை இருக்கிற இந்தக் காட்சி, வெளிச்சத்தோடை வெளிச்சமா வானத்திலை போய்க்கொண்டிருக்குது. நேற்று நடந்ததும் போகுது. பத்து வருசத்துக்கு முந்தி நடந்ததும் இன்னும் போகுது. வெளிச்சத்தை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பாத்தால், நேற்று நீங்கள் குடையை மறந்துபோட்டு லோஞ்சுக்கு ஓடினதையும் பாக்கலாம். நடந்து முடிஞ்சதைத் திரும்பப் பாக்க ஏலுமோ? நீங்களே சொல்லுங்கோ!"

கடை முழுக்கச் சிரித்தது. ஐயர் வாயைத் திறந்தார். மூடினார். கை தன்பாட்டில் குடுமியைத் தடவியது.

"ஆறுதலா யோசியுங்கோ. நான் கருவாடு வாங்கிக்கொண்டு வாறன்."

கடை வாசலில் கடகப் பெட்டியோடு இருந்து கருவாடு விற்கிற மேரிறோஸிடம் போனார் மாஸ்ரர்.

ஐந்து நிமிசத்தில் திரும்பி வந்தவரின் கையில் கருவாடு இல்லை. முகத்தில் அந்தச் சிரிப்பும் இல்லை.

"ஐயா, நீங்கள் சொன்னதுதான் சரி. முந்தலாம்," என்றார், வெளியிலும் கேட்கிற மாதிரி.

"மெய்யே?" ஐயரே நம்பவில்லை.

"ஓம். இண்டைக்கில்லாட்டி நாளைக்கு ஆரேன் முந்துவினம்."

சொல்லிவிட்டு நேரே சலூனுக்குப் போய்க் கதிரையில் இருந்துவிட்டார்.

பிறகு சும்மா விடுவார்களா? கருவாட்டு மணம் மூளைக்கு அடித்துவிட்டது என்றார்கள். படிப்பிக்கிறவருக்கே பாடம் தெரியாது என்றார்கள். வகுப்பில் பிள்ளைகள் கரும்பலகை நடுவில் ஒரு மீசையை மட்டும் கீறி வைத்திருந்தார்கள். ஐயர் குடுமிக்கு எண்ணெய் பூசி மினுக்கிக்கொண்டு வந்தார்.

பின்னேரம் துறையில் மாஸ்ரர் இறங்கியபோதும் ஒரே சிரிப்பு. மேரிறோஸ் ஒருத்திதான் அவரைக் கண்டதும் எழும்பி நின்றாள்.

வீட்டில் மனைவி அன்னபூரணம் காத்திருந்தாள்.

"இருவத்திரண்டு வருசம் அந்த மீசையோடை குடும்பம் நடத்தினனான். நேற்றிலையிருந்து ஆரோ வேற்றாள் வீட்டுக்குள்ளை நிக்கிற மாதிரிக் கிடக்கு. நேற்றுக் கேட்டும் சொல்லேல்லை. இண்டைக்காவது மறைக்காமல் சொல்லுங்கோ, வெளிச்சத்தை முந்தலாமோ?"

"ஏலாது. ஒருநாளும் ஏலாது."

அவளுடைய முகம் மலர்ந்தது. "எனக்குத் தெரியும். ஐயற்ற குடுமி போகக்கூடாதெண்டு விட்டுக்குடுத்திட்டியள், என்ன?"

"உமக்கென்ன விசரே? அந்தாளை விட்டிருக்க மாட்டன். குடுமியை எடுப்பிச்சிருப்பன்!"

"பின்னை என்னத்துக்கு?"

மாஸ்ரர் வெறும் மேலுதட்டைத் தடவிக்கொண்டார். குரல் தணிந்துவிட்டது.

"மேரிறோஸின்ர மனுசன் சில்வெஸ்ரர் புயலிலை போய் எட்டு வருசம். ஒரு படம்கூட இல்லை. அவன்ர முகம் அவளுக்கு மறந்துகொண்டு வருதாம். கருவாட்டைச் சுத்திக்கொண்டு கேக்கிறாள், 'மாஸ்ரர், அப்பிடி ஒரு வாகனம் வந்தால், அண்டைக்கு விடிய அவர் வள்ளம் தள்ளினதையும் பாக்கலாமோ?' எண்டு. ஏலாதெண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

அன்னபூரணம் தேத்தண்ணியை ஊற்றி அவரிடம் நீட்டினாள்.

"மீசைதானேயப்பா," என்றார் மாஸ்ரர். "ரெண்டு மாசத்திலை திரும்பி வந்திடும்."