தூக்குக்குண்டு

குனிந்து ஒரு செங்கல்லை எடுத்து, நின்ற இடத்திலிருந்தே இடுப்பைத் திருப்பியபோது முதுகுக்குள் ஏதோ நழுவியது. நான் கட்டிய சுவரின் அடியிலேயே சாந்துச் சட்டியின்மேல் விழுந்து மல்லாந்துவிட்டேன். இடுப்புக்குக் கீழே கால்கள் இருப்பதாகவே தெரியவில்லை.

பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பாக்கியநாதன் அண்ணன் பழைய கொத்தனார். செங்கல்லைப் பீப்பாயின்மேல் இடுப்பளவுக்கு அடுக்கிக்கொண்டு, காலை நகர்த்தித்தான் திரும்புவார். "ஜமீன்தார் குனிய மாட்டாரு" என்று மேஸ்திரியோடு சேர்ந்து தினமும் நானும் சிரிப்பேன். மூன்றே வருஷத்தில் வேகத்தில் அவரை முந்திவிட்ட என்னை, மேஸ்திரி வருகிறவர்களிடமெல்லாம் சந்தை மாட்டைக் காட்டுவதுபோலத் தட்டிக் காட்டுவார்.

"அவன அசைக்காதீங்க, பலகை எடுத்துட்டு வர்றேன்" என்று அண்ணன் ஓடினார்.

மேஸ்திரி வந்து சுவரைத்தான் பார்த்தார். "ஈரச் செவுருடா. விழும்போது இடிச்சியா?"

சாரத்தில் ஏறி, சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்க நூலில் கட்டிய தூக்குக்குண்டை இறக்கினார். குனிந்தபோது அவர் வாயிலிருந்த வெற்றிலைச் சாறு என் கழுத்தில் சொட்டி, வெதுவெதுப்பாக வழிந்தது. முதுகு வலியில் துடைக்கக் கை எழவில்லை. குண்டு என் விலாவை ஒட்டி வந்து தொங்கியது. நான் மூச்சு வாங்கும்போதெல்லாம் விலா எழும்பி அதை இடித்தது.

"மூச்ச அடக்குடா, குண்டு ஆடுது."

அடக்கினேன். குண்டு நின்றது.

"நேரா இருக்கா மேஸ்திரி?" என்று கேட்டது என் வாய்தான்.

பலகையோடு வந்து நின்ற அண்ணன் காறித் துப்பினார். மேஸ்திரி மேலே இருந்தார். அண்ணன் பார்த்தது என்னை.