நடுப்பலகை

ஆலயத்து மரத்தரையின் நடுப்பலகையில் ஓட்டை. தானாக உளுத்து விழுந்த ஓட்டை இல்லை. கீழேயிருந்து டிரில் வைத்து, சாயா கிளாஸ் வாய் அளவுக்கு வட்டமாக யாரோ குடைந்திருந்தார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் கூட்டிப் பெருக்க வந்த சபைச் செயலர் ஆசீர்வாதம்தான் முதலில் பார்த்தார். அவருக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. போதகருக்கு உடனே போன் போட்டு வரவழைத்தார்.

மாட்டுங்கா லேபர் கேம்பில் அந்தச் சின்ன ஆலயம் மாடியில் இருக்கிறது. கீழே முகைதீனின் பை தைக்கும் பட்டறை. மேலே போக ஒரே வழி, சந்திலிருந்து செங்குத்தாக நிற்கும் இரும்பு ஏணி. ஏணியடியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, தொங்குகிற கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும்.

நடுப்பலகை என்ன லேசுப்பட்ட இடமா? தாலி கட்டுவது அங்கேதான். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும், திருவிருந்தில் முழங்கால் போட்டு அப்பம் வாங்குவதும் அங்கேதான். அந்தப் பலகையை அடித்தவர் ஆசீர்வாதத்தின் அப்பா. "வானமும் பூமியும் தொட்டுக்கிடுத இடம்ல இது. மிதிக்காம சுத்திப் போங்க" என்று சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

"வேற யாரு, கீழ உள்ளவன் வேலைதான் ஐயா. இன்னைக்கு ஓட்டை போடுவான், நாளைக்கு இடமே எனக்குத்தான்னு நிப்பான்" என்றார் ஆசீர்வாதம்.

"அவர்ட்ட கேட்டீங்களா?"

"கேட்டா ஆமாம்பானாக்கும். ஒரு மூட்டை சிமெண்டு வாங்கி அடைச்சிருதேன்."

"நாளைக்கு ஆராதனை முடியட்டும். பேசிக்கிடலாம்" என்றார் போதகர். அவருக்கு எதையுமே ஆராதனை முடிந்துதான் பேச வேண்டும்.

முகைதீன் மேல் ஆசீர்வாதத்துக்கு இருந்தது பழைய கோபம். பட்டறைக்கு வெள்ளிதான் லீவு. ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடும், பிரசங்கத்தில் பாதி அந்தச் சத்தத்திலேயே போய்விடும். பல தடவை கீழே போய்ச் சண்டை பிடித்திருக்கிறார். கொஞ்ச நாளாக ஞாயிறு காலையில் சத்தம் இல்லை. "அதட்டினாத்தான் அடங்குதான்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டார்.

இட்லி விற்கிற ஞானப்பூ மேலும் கோபம்தான். மூட்டு வலி என்று ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஆனால் ஞாயிறானால் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு முகைதீன் பட்டறைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறாள். முகைதீன் பெண்டாட்டி ஆபிதாவோடு அப்படி என்ன பேச்சோ.

"ஆலயத்துக்கு வர மட்டும் வலிக்கும், பட்டறைக்குப் போக வலிக்காதாக்கும்" என்று சபைக் கமிட்டியில் அவர்தான் பேச்சை எடுத்தார். இனி ஞானப்பூவுக்குத் திருவிருந்தில் பங்கு கிடையாது என்று முடிவாயிற்று. போதகர் மட்டும் "பாக்கலாம்" என்றார்.

ஞாயிறு விடிந்ததும் ஆசீர்வாதம் ஓட்டையின் மேல் ஒரு பாயை விரித்து, அதன்மேல் பூச்சாடியைத் தூக்கி வைத்தார். இனி என்ன செய்வான் பார்ப்போம்.

பிரசங்கம் முடிகிற நேரம், பூச்சாடி ஆடியது.

ஆசீர்வாதம் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். மறுபடியும் ஆடியது. அப்புறம் பக்கவாட்டில் சாய்ந்து உருண்டது. பாயைத் தள்ளிக்கொண்டு ஒரு கம்பின் நுனி மேலே வந்து, இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே போயிற்று. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அவ்வளவுதான். ஆசீர்வாதம் ஏணியில் தடதடவென்று இறங்கினார். செருப்பை மாட்டிக்கொண்டு பட்டறை வாசலுக்குப் பாய்ந்தார்.

முகைதீன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். சந்தில் ஹார்ன் அடித்துக்கொண்டு வந்த ஸ்கூட்டர்காரனைக் கையமர்த்தி, "அபே, தீரே" என்று இந்தியில் அடக்கிக்கொண்டிருந்தார்.

"என்னவே நினைச்சிருக்கீரு உம்ம மனசுல" என்று ஆசீர்வாதம் குரலை உயர்த்தினார்.

"மெதுவா அண்ணாச்சி" என்றார் முகைதீன். "ஆராதனை நடக்கு."

உள்ளே மெஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. துணி வெட்டும் மேஜையை ஓட்டைக்கு நேராக நகர்த்தி, அதன்மேல் ஒரு நாற்காலி போட்டிருந்தது. ஞானப்பூ வெள்ளைச் சேலையில், முக்காடிட்டு, அண்ணாந்து உட்கார்ந்திருந்தாள். ஆபிதா நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இன்னொரு கையில் மாப்புக் கம்பு.

"அக்காவுக்கு ஏணி ஏற முடியலை. மெஷினை நிப்பாட்டிப் பாத்தோம், அப்பவும் ஒண்ணும் தெளிவா விழலைன்னு அழுதுச்சு" என்றார் முகைதீன். "அதான் வெள்ளிக்கிழமை டிரில்லு எடுத்தேன். உங்ககிட்ட கேட்டா விட மாட்டீங்க. தப்புதான்."

மேலேயிருந்து போதகரின் குரல் பிசிறில்லாமல் கீழே இறங்கியது. கர்த்தருடைய பந்திக்கு எல்லாரும் வாங்க என்று கூப்பிட்டார்.

ஞானப்பூ ஓட்டைக்கு நேராக இரண்டு கைகளையும் குவித்து நீட்டினாள். மேலே முழங்கால் போடுகிற சத்தம் கேட்டது. வரிசை நகர்ந்தது. ஒவ்வொருவருக்காக அப்பம் கொடுப்பது கேட்டது. அவள் கையில் ஒன்றும் விழவில்லை. அவள் கையை எடுக்கவும் இல்லை.

ஆசீர்வாதம் பட்டறை வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். மேஜைமேல் ஏறி, ஓட்டையில் வாயை வைத்தார்.

"ஐயா, இங்க ஒரு ஆள் பாக்கி இருக்கு."