மூன்று கிலோ கேக்

"அக்கா, மூணு பேர் தனித்தனியா ஆளுக்கு ஒரு கிலோ கேட்டா மூணு கேக்குதானே? மூணு கிலோவுல ஒரே கேக்குன்னு ஏன் எழுதி அனுப்பினீங்க?"

பேக்கரியின் பின்னறைக்குள் மூச்சிரைக்க நுழைந்தார் கேக் மாஸ்டர். ஓடி வந்த வேகத்தில் அவர் மீசையிலிருந்து அரைப்படி மைதா உதிர்ந்தது.

கணக்கு பார்க்கும் அக்கா கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பவில்லை.

"நான் எங்க மாஸ்டர் எழுதினேன்? எக்செல்ல ஃபார்முலா போட்டிருக்கேன். எல்லாக் கிளையிலேருந்தும் வர்ற ஆர்டர்ல ஒரே விலாசம் திரும்பத் திரும்ப வந்தா, அதை ஒரே வரியாக்கி எடையைக் கூட்டிடும்."

"பன்னையும் பிஸ்கட்டையும் கூட்டலாம். பிறந்தநாள் கேக்கை யாராவது கூட்டுவாங்களா?"

"ஃபார்முலாவுக்கு பன் எது, கேக் எதுன்னு தெரியுமா, பாவம்."

மாஸ்டருக்குத் தலை சுற்றியது. அக்கா வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆனால் 'டீ குடிச்சீங்களா மாஸ்டர்' என்று அந்தக் கடையில் கேட்கும் ஒரே ஜீவன் அவர்தான். முதலாளி வந்தால் இன்றோடு சீட்டைக் கிழித்துவிடுவார்.

"மூணு பேர் போனுக்கும் 'உங்க மூணு கிலோ கேக் ரெடி'ன்னு மெசேஜ் போயிருக்கு. கிளம்பி வந்துட்டாங்க. அண்ணன், தங்கச்சி, கடைக்குட்டித் தம்பி. அவங்க அம்மாவுக்குத்தான் கேக்கு, அதான் மூணு ஆர்டர்லயும் அம்மா வீட்டு விலாசம். ஆனா பேச்சுவார்த்தை இல்லாம ரெண்டு வருஷமாம். 'அவன் கேக்கோட என் கேக்கை எப்படி ஒட்டலாம்'னு அந்தப் பொண்ணு குதிக்குது. அவங்க விடுற மூச்சுல கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிரீம் உருகுதுக்கா."

"ஒண்ணா போய்க் குடுத்தா என்னவாம்?"

"ஒருத்தர் செருப்பு அம்மா வீட்டு வாசல்ல கிடந்தா, இன்னொருத்தர் படியேற மாட்டாங்களாம். முறை வச்சுத்தான் போறாங்களாம்."

"அந்தம்மா பாடு திண்டாட்டம்தான்."

"உங்க பாட்டைப் பாருங்கக்கா. முதலாளி வர்றதுக்குள்ள ஒரு மன்னிப்பு கேட்டுடுங்க."

அக்கா எழுந்தார். கைப்பையிலிருந்து சீப்பை எடுத்து நிதானமாகத் தலை வாரிக்கொண்டார்.

"மன்னிப்பு கேட்கப் போறவங்க தலை வாரிட்டா போவாங்க?" என்று முனகிக்கொண்டே மாஸ்டர் பின்னால் போனார்.

கடைக்குள் மூன்று பேரும் மூன்று சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார்கள். இரண்டு வருடமாக எதிலும் ஒத்துப்போகாத அந்த மூன்று வாய்களும் ஒரே நேரத்தில் திறந்தன.

"அம்மா, நீ எப்பம்மா இங்க வேலைக்குச் சேர்ந்தே?"