நாய் கடித்த காது

இதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை, சத்தியம். தன் சைக்கிளைத் திருடியவனின் முகம் தையல்காரருக்கு நன்றாக நினைவிருந்தது, காதைத் தவிர. காவல் நிலைய ஓவியர் வழக்கம்போலக் கண்ணாடி பார்த்துத் தன் காதையே வரைந்தார், நாய் கடித்துப் பிய்ந்த நுனியோடு. இந்தப் படத்திலும் ஆள் சிக்காவிட்டால் அவர் நாற்காலியில் கம்ப்யூட்டர் உட்கார்ந்துவிடும்.

"இதே காதுதாங்க, மறக்க முடியுமா?" என்றார் தையல்காரர்.

மறுநாள் ஒருவன் பிடிபட்டான். மூக்கும் முழியும் வேறு. காது அச்சு அசல், பிய்ந்த நுனி உட்பட. கேட்பதற்கு முன்பே, "நான்தான் எடுத்தேன்" என்றான்.

"பொழைச்சீங்கய்யா. கம்ப்யூட்டர் காத்துக்கிடக்கட்டும்," என்றார் இன்ஸ்பெக்டர். ஓவியர் காதைத் தடவியபடி நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

சைக்கிள் தையல்காரர் வீட்டு மாடிப்படிக்கு அடியிலேயே இருந்தது. அதை யாரும் தொடவேயில்லை.