விரல் பட்ட இடம்

புதிதாக வாங்கிய வெள்ளைப் பன்றியின் முதுகு சிவந்திருந்தது. பன்றிக்காய்ச்சல் என்றால் தெருவிலுள்ள எல்லாப் பன்றிகளையும் கொன்று புதைத்துவிடுவார்கள். அதுவரை கறுப்புப் பன்றிகளையே வளர்த்திருந்த மாரக்காளும் அவள் கணவன் வேலப்பனும் பன்றியை அசையாமல் பிடித்துக்கொண்டார்கள். கால்நடை மருத்துவர் சிவப்பின் மேல் விரலை அழுத்தி எடுத்தார். அந்த இடம் வெளுத்து, மெல்லச் சிவந்தது.

"காய்ச்சல் சிவப்பு இப்படி வெளுக்காது. வெயில்ல வெந்திருக்கு. நாள் முழுக்க வெளியிலயா விட்டீங்க?"

"பன்னிக்குக் குடையா சார் பிடிப்பாங்க?" என்றான் வேலப்பன்.

"வெள்ளைக்குப் பிடிக்கணும்."

அவர் போனபின் வேலப்பன் விரலால் அழுத்தினான். வெளுத்தது. மறுபடியும் அழுத்தினான்.

"விடுய்யா, அதுக்கு எரியும்ல" என்றபடி ஈரச் சாக்கைக் கொண்டுவந்த மாரக்காள், போர்த்துவதற்கு முன் தானும் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள்.